டு-லெட் போர்டு

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். பூட்டுப் பட்டறை வைத்திருக்கும் நண்பர் மூன்று கடைகளிலிருந்து மூன்று பிரியாணி வாங்கி வைத்துவிட்டு எனக்குப் போன் போட்டார். திண்டுக்கல்லில் நாலு பேர் சேர்ந்தால் எந்தக் கடை பிரியாணி உசத்தி என்று சண்டை வராமல் இருக்காது. எனக்கு இருபத்தைந்து வருடமாக ஒரே கடைதான். மற்ற கடைக்காரர்கள் செய்வது குஸ்கா என்பது என் கட்சி. கடைகளின் பெயர் வேண்டாம். நான் இதே ஊரில் இன்னும் பல வருடம் சாப்பிட்டாக வேண்டும்.

நண்பர் பார்சலைப் பிரித்து, மூன்றையும் ஒரே மாதிரித் தட்டுகளில் கொட்டி, தட்டுக்கு அடியில் சாக்பீஸால் நம்பர் போட்டுக் கொண்டுவந்தார்.

"இப்பச் சொல்லுங்கண்ணே, உங்க கடை எது?"

இதென்ன பெரிய விஷயம்! மூன்றிலும் இரண்டு வாய் சாப்பிட்டுவிட்டு நடுத் தட்டைக் காட்டினேன். "சீரகச் சம்பா வேக வைக்கிற இந்தப் பக்குவம் வேற எவனுக்கு வரும்?" என்று கூடுதலாக ஒரு டயலாக் வேறு. தட்டைத் திருப்பினார். நான் காலம் காலமாகக் கேலி செய்யும் கடை. என் கடை எங்கே? மூன்றாவது தட்டு. அதைச் 'சுமார்' என்று சொல்லித் தள்ளி வைத்திருந்தேன்.

இதில் நான் தனி ஆள் இல்லை என்பது ஓர் ஆறுதல். 2004-ல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ரீட் மாண்டேகு என்பவரின் குழு கோக், பெப்சி குடிக்கக் கொடுத்து மூளையை ஸ்கேன் எடுத்துப் பார்த்தது. பெயர் தெரியாதபோது ஆட்கள் கிட்டத்தட்ட சரிபாதியாகப் பிரிந்தார்கள். 'இது கோக்' என்று ஒரு கப்பைக் காட்டினால் போதும், நாக்கு கட்சி மாறிவிட்டது. சாப்பிடுவது நாக்கு, தீர்ப்பு எழுதுவது லேபிள்.

இந்த அவமானத்தோடு வீட்டுக்கு வந்துதான் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை மறுபடி எடுத்தேன். 'பிளைண்ட்ஸ்பாட்'. 2013-ல் வந்தது. எழுதியவர்கள் இரண்டு மனோதத்துவப் பேராசிரியர்கள்: மஹ்ஜரின் பானாஜி, ஆன்டனி கிரீன்வால்ட். பானாஜி நமக்குப் பக்கத்து ஊர்க்காரர் மாதிரிதான். செகந்திராபாத்தில் வளர்ந்த பார்சி பெண். மாணவியாக இருந்தபோது ஒரு ரயில் பயணத்தில், வழியில் ஒரு ஸ்டேஷனில் சமூக மனோதத்துவக் கையேடு ஐந்து வால்யூம் மலிவாகக் கிடைக்க, வாங்கிப் படித்து வாழ்க்கையே திசை மாறி ஹார்வர்டு வரை போனவர். நாம் ரயில்வே ஸ்டேஷனில் வாங்குவது வார இதழும் வேர்க்கடலையும்.

புத்தகத்தின் துணைத் தலைப்பு 'நல்ல மனிதர்களின் மறைந்திருக்கும் பாரபட்சங்கள்' என்பது. இந்த 'நல்ல மனிதர்கள்' என்ற வார்த்தையில் எனக்கு ஒரு சின்னச் சந்தேகம். அதைப் பிறகு சொல்கிறேன்.

இவர்கள் புகழ்பெற்றது ஒரு பரீட்சையால். இம்ப்ளிசிட் அசோசியேஷன் டெஸ்ட். 1998-ல் கிரீன்வால்டும் சகாக்களும் வெளியிட்டது. விஷயம் எளிது. கம்ப்யூட்டர் திரையில் பூக்களின் பெயர், பூச்சிகளின் பெயர், நல்ல வார்த்தை, கெட்ட வார்த்தை கலந்து வரும். பூவும் நல்ல வார்த்தையும் வந்தால் இடது கை பட்டன், பூச்சியும் கெட்ட வார்த்தையும் வந்தால் வலது கை பட்டன். கை பறக்கும். அடுத்து மாற்றுவார்கள். பூச்சியும் நல்ல வார்த்தையும் ஒரு பட்டன், பூவும் கெட்ட வார்த்தையும் இன்னொரு பட்டன். இப்போது கை தடுமாறும். அந்தத் தடுமாற்றத்தை மில்லி செகண்டில் அளக்கிறார்கள். பூவுக்குப் பதில் வெள்ளைக்காரர் முகம், பூச்சிக்குப் பதில் கறுப்பர் முகம் வைத்தால் அது இனப் பரீட்சை. ஆண்-வேலை, பெண்-குடும்பம் என்று வைத்தால் இன்னொரு பரீட்சை. இணையத்தில் இலவசம்.

நிறப் பரீட்சையை எழுதிப் பார்த்தேன். மாநிறத்துக்குக் கொஞ்சம் கூடுதலான ஆள் நான். கறுப்புதான் அழகு என்று இதே பத்திரிகைத் தொழிலில் இரண்டு கட்டுரை எழுதியவன். வெளிர் முகத்தையும் நல்ல வார்த்தையையும் சேர்த்தபோது விரல் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் பண்ணின மாதிரி ஓடியது. கறுத்த முகத்தையும் நல்ல வார்த்தையையும் சேர்க்கச் சொன்னபோது, உண்மையைச் சொல்கிறேன், விரலைப் பிடித்து யாரோ இழுத்தார்கள். வெளிர் நிறத்துக்கு மிதமான சாய்வு என்று ரிசல்ட். ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? ஃபேர் அண்ட் லவ்லி இந்தியச் சந்தைக்கு வந்தது 1975. நான் பிறப்பதற்கும் முன்னால். 2020-ல் அது பெயரை மாற்றிக்கொண்டது. நம் வீடுகளில் குழந்தை பிறந்த செய்தி சொல்கிறவர், ஆணா பெண்ணா சொன்ன மூச்சிலேயே நிறத்தையும் சொல்லிவிடுவார்.

ஒரு வாரம் கழித்து மறுபடி எழுதினேன். இந்த முறை லேசான சாய்வு. இங்கேதான் எனக்குள் இருக்கும் பி.காம். விழித்துக்கொண்டது. ஒரே கல்லாப் பெட்டியை இரண்டு தடவை எண்ணி இரண்டு தொகை வந்தால் எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போடமாட்டார். என் அனுபவம் ஒன்றும் புதிதில்லை. ஒரே ஆள் மறுபடி எழுதினால் மார்க் கணிசமாக மாறுகிறது என்பது இந்தத் துறையில் பழைய புகார். புத்தகம் வந்த அதே 2013-ல் ஃபிரெட் ஆஸ்வால்டும் சகாக்களும் அதுவரை வந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, இந்த மார்க்கை வைத்து ஒருவர் நிஜத்தில் எப்படி நடந்துகொள்வார் என்று ஊகிப்பது மிகவும் பலவீனம் என்றார்கள். 2019-ல் பேட்ரிக் ஃபார்ஷர் குழு சுமார் 490 ஆய்வுகளைத் திரட்டியது. பயிற்சி கொடுத்து மார்க்கை மாற்றலாம், ஆனால் மார்க் மாறியதால் நடத்தை மாறியது என்பதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை என்றது. பரீட்சையை நடத்துகிறவர்களே இதை வைத்துத் தனி ஆளுக்குச் சர்டிபிகேட் கொடுக்காதீர்கள் என்று எச்சரிக்கிறார்கள். புத்தகத்தின் தொனியில் இந்த அடக்கம் போதாது. ஏதோ ரத்த டெஸ்ட் ரிப்போர்ட்டைக் கையில் கொடுக்கிற தோரணை பல இடங்களில் இருக்கிறது. அந்தத் தோரணைதான் கம்பெனிகளுக்குப் பிடித்துப்போனது. 2018-ல் ஸ்டார்பக்ஸ் காபிக் கம்பெனி, பிலடெல்பியா கடை ஒன்றில் சும்மா உட்கார்ந்திருந்த இரண்டு கறுப்பின இளைஞர்களைப் போலீஸ் பிடித்துப்போன விவகாரத்துக்குப் பிறகு, ஒரு மத்தியானம் அமெரிக்கா முழுக்க எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட கடைகளை மூடி ஊழியர்களுக்கு இந்தப் பாடம் எடுத்தது. சாயங்காலத்துக்குள் மனசு வெளுக்கிற வித்தை.

சரி, என் பெரிய சண்டை அதில் இல்லை. இந்தப் பரீட்சையைத் தூக்கிக்கொண்டு திண்டுக்கல்லுக்கு வந்தால் என்ன ஆகும்?

அமெரிக்காவில் முகத்தைக் காட்டினால் போதும். வட இந்தியாவில் பெயரைச் சொன்னால் பெரும்பாலும் போதும். சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெலும் 2007-ல் வெளியிட்ட ஆய்வு பெயரை வைத்துத்தான் நடந்தது. 66 வாரம், பேப்பரில் வந்த தனியார் வேலை விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். படிப்பெல்லாம் ஒரே தரம். பெயர் மட்டும் உயர்சாதி, தலித், முஸ்லிம் என்று மாறும். அடுத்த கட்டத்துக்குக் கூப்பிடும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயரோடு ஒப்பிட்டால் தலித் பெயருக்கு மூன்றில் இரண்டு பங்கு, முஸ்லிம் பெயருக்கு மூன்றில் ஒரு பங்கு. நேர்முகத் தேர்வு என்ற பேச்சே வராமல், வெறும் கவரோடு முடிந்த கதை.

நம்மிடம் இந்த வித்தை அவ்வளவு சுலபத்தில் பலிக்காது. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் பெயருக்குப் பின்னால் இருக்கும் சாதிப் பட்டத்தை விடச் சொல்லித் தீர்மானம் போட்டார்கள். ஊரே விட்டது. ஆர். முருகன் என்றால் அவர் யாராகவும் இருக்கலாம். இது சாதாரணச் சாதனை இல்லை. ஆனால் பெயரிலிருந்து எடுத்ததை நாம் குப்பையில் போடவில்லை, கேள்வியில் பத்திரப்படுத்திக்கொண்டோம். "தம்பிக்குச் சொந்த ஊரு?" "வத்தலக்குண்டுங்க." "வத்தலக்குண்டா, பக்கத்துலயா?" "பக்கத்துல ஒரு கிராமங்க." "அங்க எந்தத் தெரு?" "குலசாமி எங்க?" நாலாவது கேள்விக்குள் விஷயம் முடிந்துவிடும். கேட்கிறவர் முகத்தில் சிரிப்பு மாறாது. பதில் சொல்கிறவருக்கும் என்ன நடக்கிறது என்று தெரியும். 'காலனி' என்ற ஒரு சொல் போதும். சென்னையில் அது அரசு ஊழியர் குடியிருப்பு. நம் பக்கத்துக் கிராமத்தில் அது வேறு. 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் ஸ்டாலின் அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக அறிவித்தாரே, சும்மாவா?

இந்தக் கேள்வி-பதிலை எந்த மில்லி செகண்ட் கடிகாரம் அளக்கும்? 'பிளைண்ட்ஸ்பாட்'டில் ஓர் அத்தியாயம் முழுசாக விட்டுப்போயிருக்கிறது என்று நான் சொல்வது இதைத்தான். தெரியாமல் செய்கிறவர்களைப் பற்றி மட்டுமே அந்தப் புத்தகம் கவலைப்படுகிறது. நம் தென் மாவட்டங்களில் டீக்கடை இரட்டைக் குவளையைப் பற்றி எத்தனையோ கள ஆய்வுகள் வந்திருக்கின்றன. சில இடங்களில் கேஸ் வந்ததும் ஒரு தரப்புக்கு மட்டும் பேப்பர் கப் வந்தது. அந்தக் கப்பை எடுத்து நீட்டும் கையில் ஆழ்மனம் எதுவும் இல்லை. மேல்மனம்தான்.

ஆனால் இந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடவும் முடியவில்லை. ஓர் அத்தியாயம் என்னைப் போட்டு அடித்துவிட்டது.

யேல் பல்கலைக்கழகத்தில் ஓர் இளம் பேராசிரியை. துண்டுத் துணிகளை ஒட்டுப்போட்டுப் போர்வை தைப்பதில் அவருக்குப் பெரிய ஆசை. ஒருநாள் கண்ணாடிக் கிண்ணம் உடைந்து கையில் ஆழமான வெட்டு. எமர்ஜென்சியில் இருந்த டாக்டரிடம், கூட வந்தவர் இவர் போர்வை தைப்பவர், விரல் முக்கியம் என்று கெஞ்சுகிறார். டாக்டர் தைரியம் சொல்லிவிட்டு வழக்கம்போலத் தைக்கத் தயாராகிறார். அப்போது அங்கே வேலை பார்த்த ஒரு மாணவி அவரை அடையாளம் கண்டு, "புரொபசர், நீங்களா!" என்கிறாள். யேல் புரொபசரா? அவ்வளவுதான். தையல் நின்றது. அந்த வட்டாரத்தின் பெரிய கை சர்ஜன் வரவழைக்கப்பட்டார். பல மணி நேரம் நரம்பு நரம்பாகச் சேர்த்தார்கள்.

இதில் கெட்டவர் யார்? யாரும் இல்லை. டாக்டர் ஒருவருக்கும் தீங்கு செய்யவில்லை. ஒருவருக்கு அதிகமாக நல்லது செய்தார். பாரபட்சம் என்பது அடிப்பதும் விரட்டுவதும் மட்டும் இல்லை, 'நம்ம ஆளு'க்கு ஒரு கை கூடக் கொடுப்பதும்தான் என்கிறார்கள் ஆசிரியர்கள். புத்தகத்தில் நான் பென்சிலால் கோடு போட்ட ஒரே பக்கம் இதுதான். நம் ஊரில் இதற்குப் பெயர் சிபாரிசு. இதைத் தப்பு என்று சொன்னால் அடிக்க வருவார்கள். நம்ம ஆளுக்கு நாம செய்யாம வேற யாரு செய்வா?

படித்த ராத்திரியே பீரோவிலிருந்து அப்பாவின் நோட்டை எடுத்தேன்.

எங்கள் வீட்டு மாடிப் போர்ஷன் 2005-ல் கட்டியது. அப்பாவுக்கு எதையும் எழுதி வைக்கிற பழக்கம். நீள சைஸ் நோட்டில் கோடு போட்டு: பெயர், வந்த தேதி, வாடகை, அட்வான்ஸ், காலி செய்த தேதி. கடைசியாக ஒரு கட்டம், 'மூலம்' என்று தலைப்பு. யார் மூலமாக வந்தார்கள் என்பது. அப்பா 2019-ல் காலமானார். அதற்குப் பிறகு நான் அதே கட்டங்களை நிரப்பி வருகிறேன். காமர்ஸ் படித்தவன், காலமை மாற்ற மனசு வராது.

இந்த வருடம் வரை எட்டுக் குடித்தனம். 'மூலம்' கட்டத்தை மட்டும் மேலிருந்து கீழே படித்தேன். சின்ன மாமா மூலம். அத்தை மகன் மூலம். கல்யாண வீட்டில் பார்த்தவர் மூலம். மாமனார் மூலம். எட்டுப் பேரும் நம்மவங்க. ஒரு பெயரைப் பார்த்ததும் மட்டும் மனசு துள்ளியது. கிறிஸ்தவக் குடும்பம்! ஆசிரியர். பார்த்தாயா, நாமும் பரவாயில்லை என்று நினைத்தேன். அடுத்த நிமிஷம் ஞாபகம் வந்தது. ரெண்டு தலைமுறைக்கு முன்னால் மதம் மாறியவர்கள். அம்மா வழியில் தூரத்து உறவு.

இருபது வருடத்தில் யாரையும் நாங்கள் விரட்டியதில்லை. விரட்ட வேண்டிய அவசியமே வரவில்லை, ஏனென்றால் வீட்டில் டு-லெட் போர்டே மாட்டியதில்லை. காலியாவதற்கு ஒரு மாதம் முன்பே யாராவது சொந்தக்காரர் ஆள் கொண்டுவந்துவிடுவார். தெருவில் போகிற ஒருவருக்கு இங்கே ஒரு வீடு காலி என்று தெரியவே தெரியாது. ஆழ்மனம், மேல்மனம் எதையும் தொந்தரவு செய்யாமல் வேலை முடிந்துவிடும்.

இதோடு நோட்டை மூடியிருந்தால் நான் அந்தப் புத்தகத்தில் வருகிற 'நல்ல மனிதர்'களில் ஒருவன். கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். விசாரித்துப் போனவர்களின் போன் நம்பர்களை அப்பா அங்கே எழுதி வைப்பார். 2014-ல் ஒரு வரி. 'பேங்க் தம்பி' என்று எழுதி, நம்பர், ஊர்ப் பெயர், அதற்குப் பக்கத்தில் பிராக்கெட்டில்: காலனி.

அப்பாவின் கையெழுத்துதான். ஆனால் அன்றைக்கு வாசலில் நின்று பேசியது நான். புதிதாக வேலைக்குச் சேர்ந்த பையன். வெயிலில் வந்தவனுக்கு மோர் கொடுத்தேன். நல்ல டம்ளரில்தான் கொடுத்தேன், அதை இப்போதுகூட என் மனசு முந்திக்கொண்டு சாட்சி சொல்கிறது. ஊர், தெரு எல்லாம் நான் கேட்டதுதான். பிறகு, "பெயிண்ட் வேலை இருக்கு தம்பி, ரெண்டு மாசம் ஆகும், சொல்றேன்" என்றேன். நோட்டின் முன்பக்கத்தில், அந்த வரிக்குப் பதினோரு நாள் கழித்து, ஐந்தாவது குடித்தனம் பால் காய்ச்சியிருக்கிறது. பெயிண்ட் அடித்ததற்குச் செலவுக் கணக்கு எங்கேயும் இல்லை.

எனக்குத் தெரிந்துதான் இருந்தது. பெயிண்ட் என்ற வார்த்தை வாயில் வருவதற்கு முன்னால் ஒரு ரெண்டு செகண்ட், நன்றாகத் தெரிந்தது. பிறகு அதன் மேல் நானே பெயிண்ட் அடித்துக்கொண்டேன். 'பிளைண்ட்ஸ்பாட்' என்பது கண்ணின் விழித்திரையில் இருக்கிற ஓட்டை, பார்வை நரம்பு வெளியே போகிற இடம், அங்கே யாருக்கும் எதுவும் தெரியாது என்று புத்தகம் முதலிலேயே விளக்குகிறது. என் கேஸில் ஓட்டை எதுவும் இல்லை. கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டுக்கும் வித்தியாசம் உண்டு. முதலாவதற்கு யாரும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. 'நல்ல மனிதர்கள்' என்ற துணைத் தலைப்பு மேல் எனக்கு இருந்த சந்தேகம் இதுதான். அது படிக்கிறவனுக்கு முன்ஜாமீன் கொடுத்துவிட்டு விசாரணையைத் தொடங்குகிறது.

ஆசிரியர்கள் மருந்து என்று சொல்வதில் உருப்படியானது, மனசைத் திருத்துவதைவிடக் கண்ணுக்கு முன்னால் திரையைப் போடுவது. இசைக்குழுவுக்கு ஆள் எடுக்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து வாசிக்கச் சொல்வது மாதிரி. இது நமக்கு ஒன்றும் புதிதில்லை. எங்கள் காலத்துப் பொதுத்தேர்வு விடைத்தாளில் ரெஜிஸ்டர் நம்பரையும் மறைத்து டம்மி நம்பர் போடுவார்கள். பிறகு பார்கோடு வந்தது. வாத்தியார் கெட்டவர் என்றா அர்த்தம்? இந்தியாவில் ரீமா ஹன்னா, லீ லிண்டன் என்ற இருவர் விடைத்தாள் முகப்பில் இஷ்டத்துக்குச் சாதி எழுதி ஆசிரியர்களிடம் திருத்தக் கொடுத்தார்கள். 2012-ல் ஆய்வு வெளியானது. கீழ்ச்சாதி என்று எழுதியிருந்த தாளுக்குக் கொஞ்சம் மார்க் குறைந்தது. சின்ன வித்தியாசம்தான். ஆனால் அப்படிக் குறைத்தவர்கள் உயர்சாதி ஆசிரியர்கள் இல்லை, கீழ்ச்சாதி என்று சொல்லப்பட்ட ஆசிரியர்களே என்று வந்தது. எந்தச் சாதி வாத்தியார் என்று பார்த்துப் பயனில்லை. தாளின் முகப்பைத்தான் மறைக்க வேண்டும்.

இந்த மாதம் மாடி காலியானது. சின்ன மாமா வழக்கம்போல ஓர் ஆளோடு போன் செய்தார். முடிந்துவிட்டது மாமா என்று முதல்முறையாகப் பொய் சொன்னேன். ஸ்டேஷனரிக் கடையில் இருபது ரூபாய்க்குப் போர்டு வாங்கி, வாடகை, அட்வான்ஸ், போன் நம்பர் எல்லாம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிக் கேட்டில் கட்டினேன்.

"போர்டு மாட்டினா ஊரே வந்து கதவைத் தட்டும்ல?" என்றாள் வீட்டுக்காரி.

"தட்டட்டும். முதல்ல வந்து அட்வான்ஸ் குடுக்கிறவங்களுக்குத்தான் வீடு."

"ரொம்பத்தான்," என்று உள்ளே போய்விட்டாள். அவளுக்கு என்னை இருபது வருடமாகத் தெரியும்.

மறுநாள் காலையில் முதல் போன். இளம் குரல். "சார், டு-லெட் போர்டு பார்த்தேன். வீடு இருக்குங்களா?"

இருக்கு தம்பி என்று சொல்லி, வாடகை, அட்வான்ஸ், தண்ணி வருகிற நாள், கரண்ட் மீட்டர் தனி, எல்லாம் சொன்னேன். நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது. பேச்சு முடிகிற இடத்தில் என் வாய் தானாகத் திறந்தது.

"தம்பிக்குச் சொந்த ஊரு…"

பாதியில் பல்லைக் கடித்துக்கொண்டு, "…இல்ல, எத்தனை பேரு தங்குவீங்க?" என்று திருப்பினேன்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை.

"மூணு பேர் சார். ஊர் நிலக்கோட்டை பக்கம். வேற எதுவும் கேக்கணும்னா இப்பவே கேட்டுருங்க சார், ரெண்டு தடவை வந்து அலையவேண்டாம்னு பாக்கிறேன்."

ஒன்றும் கேட்க இல்லை என்றேன். சனிக்கிழமை சாயங்காலம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்து பார்க்கிறேன் என்றார்.